போர்ச்சுகல் நாட்டு மெருகு ஓடுகள்: கலையும் இரசாயனமும்

ஒரு நாட்டின் சரித்திரத்தை அறிவதற்குக் கல்வெட்டுக்களும் செப்பேடுகளும் நாணயங்களும் துணை செய்கின்றன. போர்ச்சுகல் நாட்டின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் இவற்றோடு சுவர்களையும் படித்தல் வேண்டும். அந்நாட்டின் மாதா கோயில்களிலும், மடங்களிலும், அரண்மனைகளிலும், ரயில் நிலையங்களிலும், சாதாரண வீடுகளின் முகப்புக்களிலும் வண்ணம் தீட்டி மெருகிட்ட சதுர ஓடுகள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஓர் ஓட்டின் பக்கம் பெரும்பாலும் 14 சென்டிமீட்டர் அளவே. அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. ஆயினும் நூற்றுக்கணக்கான ஓடுகள் ஒன்று கூடும்பொழுது ஒரு போர்க்களமோ, ஒரு புனிதரின் வாழ்க்கையோ, ஒரு நகரத்தின் முழுத் தோற்றமோ சுவரில் விரிந்து விடுகின்றது.

இவ்வோட்டை அந்நாட்டார் ‘அஸுலேஜு’ என்பர். போர்த்துகீசிய மொழியில் ‘அஸூல்’ என்பது நீல நிறத்தைக் குறிப்பதால், இதனை நீல ஓடு என்று பலர் பொருள் கொள்கின்றனர். அது பொருந்தாது. மெருகிட்ட சிறு கல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லினின்றே இப்பெயர் பிறந்தது. இக்கலை எவ்வழியாக அந்நாட்டை அடைந்தது என்பதற்குப் பெயரே சான்றாக நிற்கின்றது.

ஐந்து நூற்றாண்டுகளாகச் சுவரில் நின்ற இவ்வோடுகள் இன்று உப்பினாலும் ஈரத்தினாலும் கள்வர்களாலும் அழிந்து வருகின்றன. எஞ்சியவற்றைக் காப்பாற்ற வேண்டுமானால், அவை எப்பொழுது, எங்கே, எப்படிச் செய்யப்பட்டன என்பது தெரிய வேண்டும். இக்கேள்விகளுக்குக் கலை வரலாற்று அறிஞரால் மட்டும் விடை கூற இயலாது. இரசாயன நிபுணராலும் தனித்துக் கூற இயலாது. இருவரும் ஒருங்கே அமர்ந்து ஆராய்வதால் விளைந்த அறிவே இக்கட்டுரையின் பொருள்.

செவில்லிலிருந்து லிஸ்பனுக்கு

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகலை ஆண்ட முதலாம் மானுவேல் மன்னர், ஸ்பெயின் நாட்டு அரண்மனைகளின் ஓட்டு வேலைப்பாட்டில் ஈடுபாடு கொண்டு, செவில் நகரத்திலிருந்து ஓடுகளை வரவழைத்துச் சின்ட்ரா அரண்மனைச் சுவர்களில் பதிப்பித்தார். அவற்றுட் சிலவற்றில் அம்மன்னரின் சின்னமாகிய வளையக் கோளம் இன்றும் காணப்படுகின்றது.

அக்காலத்து ஓடு செய்வோர்க்கு ஒரு பெரிய இடையூறு இருந்தது. சூளையில் மெருகு உருகும்பொழுது ஒரு நிறம் மற்றொரு நிறத்தினுள் பாய்ந்து கலந்து விடும். இதனைத் தடுக்க இரண்டு வழிகளைக் கையாண்டனர். எண்ணெய்ப் பசையுடன் மாங்கனீஸ் தூளைக் கலந்து நிறங்களுக்கு இடையே கோடிடுவது ஒரு வழி. எண்ணெய்ப் பசை நீரில் கரைத்த மெருகை விலக்கி நிறுத்தும். பச்சை மண்ணில் அச்சை அழுத்தி மெல்லிய வரப்புக்களை எழுப்பி, வயலில் நீர் கட்டுவது போல ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனிப் பாத்தியில் நிறுத்துவது மற்றொரு வழி. இரண்டிலும் கோலங்கள் அமையுமேயன்றி, ஓவியம் அமையாது.

ஓவியத்திற்கு வழி திறந்தது இத்தாலிய முறையாகும். ஓட்டின் மேல் வெண்ணிற மெருகைப் பூசி, அது உலர்ந்தபின் அதன்மேல் தூரிகையால் தீட்டிச் சூளையிலிட்டால், வண்ணம் மெருகோடு ஒன்றிப் போகும், பரவி ஓடாது. பிரான்செஸ்கோ நிக்குலோசோ பிசானோ என்பவர் இம்முறையைப் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவில் நகரில் புகுத்தினார். இத்தாலியக் குயவர்கள் ஆண்ட்வெர்ப் நகரிலும் குடியேறித் தொழில் நடத்தினர். போர்ச்சுகல் நாட்டு வில்லா விசோசா நகரின் பிரபு அரண்மனைக்கு 1558ஆம் ஆண்டு தேதியிட்ட ஓட்டுச் சித்திரங்கள் ஆண்ட்வெர்ப்பிலிருந்தே வந்தன.

ஏழே ஆண்டுகளுக்குப் பின்னர், லிஸ்பனுக்குத் தெற்கேயுள்ள பகல்யோவா மாளிகையில், சூசன்னாவும் முதியோர்களும் என்னும் விவிலியக் காட்சி ஓடுகளில் தீட்டப்பட்டது. அதில் 1565 என்னும் ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது. லிஸ்பன் நகரிலுள்ள புனித ரோக் ஆலயத்தின் ஓடுகளில் 1584 என்னும் ஆண்டும், பிரான்சிஸ்கோ டி மாத்தோஸ் என்னும் ஓவியரின் பெயரும் உள்ளன. 1558இல் வெளிநாட்டிலிருந்து வாங்கியவர்கள் 1584இல் தாமே செய்து கையொப்பமும் இட்டனர். இடைப்பட்ட 1565இன் ஓடுகள் வந்தவையா, உள்நாட்டில் வனைந்தவையா? ஒரு தேசியக் கலையின் பிறப்பைப் பற்றிய இவ்வினா அறிஞர்களை நெடுங்காலம் மயக்கியது.

ஓடு உருவாகும் விதம்

ஆய்வின் முறையை விளக்குமுன், ஓட்டின் அமைப்பை அறிதல் நலம். ஓடு இரண்டு பகுதிகளை உடையது. அடியில் இருப்பது சுட்ட களிமண் உடல். மேலே இருப்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பெரும்பாலும் அமையும் கண்ணாடிப் படலம். இதையே மெருகு என்கிறோம்.

உடலுக்குச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த களிமண்ணைத் தேர்ந்தெடுத்தனர். இதற்குக் காரணம் உண்டு. சூளையிலிருந்து எடுத்த ஓடு ஆறும்பொழுது உடலும் சுருங்கும், மெருகும் சுருங்கும். உடல் சற்று அதிகமாகச் சுருங்கினால் மெருகு இறுக்கமாகப் பிடிபட்டு உறுதியுடன் நிற்கும். மெருகு அதிகமாகச் சுருங்கினால் அதில் வெடிப்பு உண்டாகும். சுண்ணாம்புச் சத்துள்ள மண் இப்பொருத்தத்தை நன்கு அளித்தது. பழைய குயவர் இதனை எவ்விதச் சூத்திரமும் இன்றிக் கையனுபவத்தால் அறிந்திருந்தனர்.

முதற்சூளையில் வெந்த ஓட்டின் மேல், மணலும் காரீய ஆக்ஸைடும் வெள்ளீய ஆக்ஸைடும் காரப் பொருளும் சேர்த்து உருக்கி அரைத்த தூளை நீரிற் கலந்து ஊற்றுவர். காரீயம் மணலை எளிதில் உருகச் செய்வது. உருகிய கண்ணாடி தன்னளவில் நிறமற்றது. வெள்ளீயம் அதனை வெண்மையாக்குகின்றது. வெள்ளீய ஆக்ஸைடு கண்ணாடியில் முற்றும் கரையாமல் நுண்ணிய படிகங்களாகத் தங்குகின்றது. அப்படிகங்களின் ஒளி முறிவு எண் சுமார் 2; சூழ்ந்துள்ள கண்ணாடிக்கு அது 1.5க்கும் 1.7க்கும் இடைப்பட்டது. இவ்வேறுபாட்டால் ஒளி எத்திசையிலும் சிதறுகின்றது. செம்மண் நிற உடல் மறைந்து வெண்மை தோன்றுகின்றது. பாலில் கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறச் செய்வதும் இதே தத்துவமாகும்.

உலர்ந்த வெண்தூளின் மேல் ஓவியத்தைத் தீட்ட வேண்டும். காகிதத்தில் வரைந்த படத்தின் கோடுகளை ஊசியால் குத்தி, அதன் மேல் கரித்தூளைத் தட்டிச் சாயலை ஓட்டில் இறக்குவர். நம் நாட்டுக் கோலப் பொடித் தகடும் இம்முறையைச் சேர்ந்ததே. தூள் நீரை உடனே உறிஞ்சி விடுமாகையால் தீட்டிய கோட்டை அழித்துத் திருத்த இயலாது. பின்னர் ஓடு இரண்டாம் முறை சூளை ஏறுகின்றது.

ஐந்து உலோகங்கள், ஐந்து நிறங்கள்

சூளையின் கடுவெப்பத்தைத் தாங்கும் வண்ணப் பொருள்கள் மிகச் சிலவே. கோபால்ட் நீலத்தையும், செம்பு பச்சையையும், மாங்கனீஸ் கத்திரிப்பூ நிறத்தையும், ஆன்டிமனி காரீயத்துடன் கூடி மஞ்சளையும் தந்தன. மஞ்சளுடன் இரும்பைச் சேர்த்து ஆரஞ்சு, பழுப்பு நிறங்களைப் பெற்றனர். இவை யாவும் ஒரே விதமாக நடந்து கொள்வதில்லை. கோபால்ட் கண்ணாடியில் முழுவதும் கரைந்து அதற்கே நிறமேற்றுகின்றது. மிகச் சிறிய அளவே போதும். ஆன்டிமனி மஞ்சளோ கரையாமல் நுண்துகள்களாக மெருகினுள் மிதந்து நிற்கின்றது. ஆகவே நுண்பெருக்கியின் கீழ் நீலக் கோடு தெளிந்த நீர் போலவும், மஞ்சள் கோடு கலங்கிய நீர் போலவும் தோன்றும்.

கோபால்ட் தாது சூளைக் கோளாறுகளை ஓரளவு பொறுத்துக் கொள்வது. கைதேர்ந்தவர்க்கு ஒரே நிறத்தில் வானத்தின் வெளிறிய சாயலையும் நிழலின் கருமையையும் காட்ட இடமளிப்பது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சீனப் பீங்கானின் நீல வெண்மையை ஐரோப்பா முழுவதும் விரும்பியபொழுது, போர்ச்சுகல் ஓடுகளும் நீலமாயின. ஆசையும் இரசாயனமும் ஒரே திசையில் இழுத்தன எனலாம்.

சுவரில் எழுதிய சரித்திரம்

பதினேழாம் நூற்றாண்டில் நீலமும் மஞ்சளும் கொண்ட கோல ஓடுகள் ஆலயச் சுவர்களை அடி முதல் முடி வரை ஜமக்காளம் விரித்தாற்போல் மூடின. அதே நூற்றாண்டில் பலிபீடங்களின் முகப்பிற்கு ஆடை போர்த்துவதற்குப் பதிலாக, ஆடையைப் போலவே ஓடுகள் தீட்டப்பட்டன. அவற்றிலுள்ள மயில்களும் வளைந்த கொடிகளும் பூக்களும் இந்தியாவிலிருந்து கப்பலேறிச் சென்ற சித்திரத் துணிகளைக் கண்டு எழுதியவை. நம் நாட்டு நெசவாளரும் சாயக்காரரும் கண்ட வடிவங்கள் அங்குள்ள குயவர் கையில் மற்றோர் உருவம் பெற்றன.

அந்நூற்றாண்டின் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் நகரின் ஜான் வான் ஊர்ட், வில்லெம் வான் டெர் க்ளூட் ஆகியோரின் நீலச் சித்திரங்கள் லிஸ்பனுக்கு வந்தன. அவற்றின் நேர்த்திக்குப் போட்டியாக உள்நாட்டில் பயிற்சி மிக்க ஓவியர்கள் இத்துறையில் இறங்கினர். கபிரியேல் டெல் பார்க்கோ, அந்தோனியோ டி ஒலிவேரா பெர்னார்டெஸ் முதலியோர் இக்காலத்தவர். கபிரியேல் டெல் பார்க்கோ தீட்டியதாகக் கருதப்படும் லிஸ்பன் நகரின் பெருந்தோற்றம் சுமார் 1700ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சுமார் 23 மீட்டர் நீளமுள்ளது. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி நிகழ்ந்த பூகம்பத்தில் அந்நகரின் பெரும்பகுதி அழிந்தது. அழிந்த தெருக்களையும் மாளிகைகளையும் அறிவதற்கு இவ்வோட்டுச் சித்திரமே இன்று தலைசிறந்த சான்றுகளுள் ஒன்றாகும்.

பூகம்பத்திற்குப் பின் நகரைத் திரும்பக் கட்டியபொழுது மலிவான கோல ஓடுகள் பெருவாரியாகத் தேவைப்பட்டன. 1767இல் ராட்டோ என்னுமிடத்தில் அரசாங்கப் பீங்கான் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீட்டின் வெளிமுகப்பையும் ஓடுகளால் மூடும் வழக்கம் பரவியது. மழையைத் தடுக்கவும் துடைத்துத் தூய்மை செய்யவும் அது ஏற்றதாயிருந்தது. போர்ட்டோ நகரின் சாவோ பென்டோ ரயில் நிலையத்தில் ஜார்ஜ் கொலாசோ என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 20,000 ஓடுகளில் நாட்டின் சரித்திரக் காட்சிகளைத் தீட்டினார்.

கண்ணால் ஆராய்தல்

இவ்வோடுகளில் பெரும்பாலானவற்றில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. இவற்றை முறைப்படி கணக்கெடுக்கும் பெரும்பணியை மேற்கொண்டவர் ஜோவாவ் மிகேல் டோஸ் சாந்தோஸ் சிமோயிஸ் என்னும் அறிஞர் ஆவார். 1907இல் பிறந்து 1972இல் மறைந்த இவர், குல்பென்கியன் நிறுவனத்தின் ஆதரவுடன் நாடெங்குமுள்ள ஓடுகளைப் பட்டியலிட்டார். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளின் ஓடுகளைப் பற்றிய இவரது நூல் 1969இல் வெளிவந்தது. லிஸ்பன் நகரில், 1509இல் லியோனோர் அரசியார் நிறுவிய மாத்ரே டி டேயுஸ் மடத்தில் இன்று இயங்கும் தேசிய ஓட்டுக் காட்சிசாலையின் தோற்றத்திற்கும் இவரது உழைப்பே அடிப்படை.

கலை வரலாற்று ஆராய்ச்சிக்குச் சில உறுதியான கருவிகள் உண்டு. ஓட்டு ஓவியர்கள் பல காட்சிகளை அக்காலத்து அச்சுப் படங்களைப் பார்த்தே எழுதினர். மூலமான அச்சுப் படத்தைக் கண்டு பிடித்துவிட்டால், அப்படம் வெளிவந்த ஆண்டுக்கு முன் அவ்வோடு தோன்றியிருக்க இயலாது என்பது திண்ணம். ஓட்டின் முதுகும் பேசும். எந்த ஓடு எந்த இடத்தில் அமைய வேண்டும் என்பதற்காக முதுகுப்புறத்தில் எழுத்தும் எண்ணும் இட்டிருப்பர். பிற்காலத்தில் பழுது பார்த்தவர்கள் வரிசை தவறிப் பதித்த ஓடுகளை இக்குறிகளைக் கொண்டு மீண்டும் ஒழுங்கு செய்ய முடிகின்றது. ஆயினும் நடையும் கைத்திறனும் ஒத்திருக்கும் இரண்டு ஓடுகளில் ஒன்று மூலமா, பிற்காலப் படியா என்று கேட்டால் கண் தடுமாறுகின்றது.

கருவியால் ஆராய்தல்

இங்கே ஆராய்ச்சிச்சாலை துணைக்கு வருகின்றது. லிஸ்பனிலுள்ள தேசியக் கட்டடப் பொறியியல் ஆராய்ச்சிச்சாலை, எவோரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெர்குலிஸ் ஆராய்ச்சிச்சாலை, தேசிய ஓட்டுக் காட்சிசாலை ஆகியவை இத்துறையில் ஒத்துழைத்துள்ளன.

எக்ஸ்-கதிரை ஓட்டின் மேல் பாய்ச்சினால், அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுடைய எக்ஸ்-கதிரைத் திருப்பி வெளிவிடும். இதனைக் கொண்டு, ஓட்டைச் சுவரினின்று பெயர்க்காமலே உலோகங்களை அடையாளம் காணலாம். குறை ஒன்று உண்டு. காரீயம் எக்ஸ்-கதிரை மிகுதியாக உறிஞ்சி விடுவதால் மேற்பரப்பைப் பற்றிய செய்தியே பெரிதும் கிட்டும். ஆகவே, முன்னமே உடைந்துள்ள விளிம்பிலிருந்து கடுகினும் சிறிய துணுக்கை எடுத்துப் பிசினில் பதித்து, குறுக்கே தேய்த்து மெருகேற்றி, எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் நோக்குகின்றனர். உடல், மெருகு, இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை ஆகிய மூன்றும் ஒரே பார்வையில் விளங்குகின்றன.

அத்துணுக்கு பல செய்திகளைக் கூறும். மெருகினுள் உருகாது நிற்கும் குவார்ட்ஸ், பெல்ஸ்பார் மணிகள் எத்தகைய மணலைச் சேர்த்தனர் என்பதைக் காட்டும். எல்லையில் வளர்ந்துள்ள படிகங்கள் சூளையின் வெப்பத்தையும் அது நீடித்த காலத்தையும் உணர்த்தும். காரீயத்திற்கும் சிலிகாவிற்கும் வெள்ளீயத்திற்கும் உள்ள விகிதம் ஒரு பட்டறையின் சமையற் குறிப்புப் போன்றது. உடலிலுள்ள சுண்ணாம்பு, மக்னீஸியம், இரும்பு ஆகியவற்றின் அளவு மண் எடுத்த இடத்தைச் சுட்டும். மஞ்சள் நிறத் துகள்களின் கட்டமைப்பை ராமன் நிறமாலை தெரிவிக்கும். நம் நாட்டு மேதை சர் சி. வி. ராமன் 1928இல் கண்ட விளைவு, லிஸ்பன் நகரத்து ஓவியரின் வண்ணக் கிண்ணத்தை ஆராயவும் பயன்படுகின்றது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கதே.

நீல நிறமே ஒரு காலக் கணக்குத் தருகின்றது. கோபால்ட் தாதுவுடன் வேறு தனிமங்களும் கலந்து வரும். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின் ஐரோப்பியர் பயன்படுத்திய கோபால்ட்டில் நிக்கலுடன் ஆர்ஸெனிக்கும் காணப்படுதல் பெரும்பான்மை. அதற்கு முற்பட்டதில் ஆர்ஸெனிக் இல்லை, அன்றி மிகக் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுத்தி செய்த கோபால்ட் வந்தபின் இத்துணைத் தனிமங்கள் அருகின. ஆகவே பழைய சித்திரத்தில் இடையே புகுந்த புதிய ஓடு எவ்வளவு நேர்த்தியாகத் தீட்டப்பட்டிருப்பினும், அதன் நீலம் அதனைக் காட்டிக் கொடுத்து விடும்.

1565ஐப் பற்றிய வினாவையும் இவ்வழியிலேயே அணுகினர். ஆண்ட்வெர்ப், செவில், லிஸ்பன் ஆகிய இடங்களுக்குரியவை என்று தெரிந்த ஓடுகளின் உடலையும் மெருகையும் அளந்து வைத்துக்கொண்டு, ஐயத்திற்குரியவற்றை அவற்றோடு ஒப்பிட்டனர். ஒரே பட்டறையைச் சேர்ந்தவை என்று கொள்ளத்தக்க தொகுதிகள் இதனால் புலனாயின. லிஸ்பன் பட்டறைகளின் தொடக்கக் காலம் ஊகத்திலிருந்து அளவையின் எல்லைக்குள் வந்தது. எனினும் எண்கள் தாமே பேசா. இரண்டு பட்டறைகள் ஒரே மண்ணை வாங்கியிருக்கலாம். ஒரு குயவர் ஊர் மாறும்பொழுது தம் செய்முறையையும் உடன் கொண்டு போயிருக்கலாம். அந்நிலையில் பழைய பத்திரங்களும் ஓவிய நடையுமே தீர்ப்பளிக்க வேண்டும்.

ஓட்டின் நோய்கள்

மெருகு நீரை உட்புக விடாது. அதுவே அதன் பலம். சுவரின் ஈரம் வெளியேறவும் விடாது. அதுவே அதன் பலவீனம். அடிநிலத்திலிருந்து ஏறும் நீர் உப்புக்களைக் கரைத்துக் கொண்டு வருகின்றது. மெருகு வழி மறிப்பதால், அந்நீர் இணைப்புக்களிலும் வெடிப்புக்களிலும் மட்டுமே ஆவியாகின்றது. அங்கே உப்பு படிகமாகித் தடித்து, மெருகை அடியிலிருந்து நெம்பித் தள்ளுகின்றது. வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்தபின் எஞ்சுவது வெறும் மண்ணே.

சுட்ட களிமண் பல ஆண்டுகளில் காற்றின் ஈரத்தை உட்கொண்டு சிறிதளவு விரிவடைவது மற்றொரு காரணம். உடல் விரிய, மெருகு விரியாமல் இழுபட்டு வெடிக்கின்றது. வெடிப்பினுள் பாசியும் காளானும் குடியேறுகின்றன. இவற்றோடு மனிதரின் அறியாமையும் சேர்ந்தது. பழைய சுண்ணாம்புச் சாந்துக்குப் பதிலாக சிமென்ட் இட்டுப் பதித்த இடங்களில், உப்பு மிகுந்தது. ஓட்டை உடைக்காமல் எடுக்கவும் வழியில்லாமற் போயிற்று. சிகிச்சையின் முதற்படி ஓட்டைத் தொடுவதன்று. சுவருக்கு ஈரம் வரும் வழியை அடைப்பதே.

கள்வரைத் தடுக்கும் முயற்சியும் பலன் தந்துள்ளது. போர்ச்சுகல் நாட்டுக் குற்றப் புலனாய்வுப் போலீசாரின் காட்சிசாலை 2007இல் ‘எஸ்.ஓ.எஸ். அஸுலேஜு’ என்னும் இயக்கத்தைத் தொடங்கி, திருடுபோன ஓடுகளின் படங்களை இணையத்தில் வெளியிட்டது. படம் ஊரறிந்ததாகிவிட்டால் பொருளை விற்பது எளிதன்று. 2017ஆம் ஆண்டுச் சட்டம் முகப்பு ஓடுகளைப் பெயர்ப்பதையும் ஓட்டு முகப்புள்ள கட்டடங்களை இடிப்பதையும் கட்டுப்படுத்தியது. மே மாதம் 6ஆம் தேதி தேசிய ஓட்டு நாளாக அறிவிக்கப்பட்டது.

நமக்கும் உரிய செய்தி

இவ்வாராய்ச்சி நமக்கு அந்நியமானதன்று. கோவாவின் தலைநகராகிய பனாஜியில், மெனெஸஸ் பிரகான்ஸா நிறுவனக் கட்டடத்தின் நுழைவு மண்டபத்தில், ஜார்ஜ் கொலாசோ 1935இல் தீட்டிய ஓட்டுச் சித்திரங்கள் உள்ளன. போர்ச்சுகல் மகாகவி கமோயென்ஸின் ‘லூசியாதாஸ்’ காவியக் காட்சிகளே அவற்றின் பொருள். கடற்காற்றின் உப்பும், மாதக்கணக்கில் நீடிக்கும் பருவமழையின் ஈரமும் அங்கே ஒன்று சேர்கின்றன. லிஸ்பன் சுவர்களில் கற்ற பாடம் இங்கே நேராகப் பொருந்தும்.

ஓவியத்தின் அழகை உணர்ந்தவர் அதன் மண்ணையும் உப்பையும் ஆராயத் தயங்கலாகாது. மண்ணை ஆராய்பவர் ஓவியத்தின் பொருளை அறியாமல் சுவரில் கை வைக்கலாகாது. உதிர்ந்த ஓட்டிற்குப் பதிலாகப் புதிய ஓடு செய்து வைத்தல் இயலும். ஆனால் அதன் மண்ணில், மணலில், நீலத்தில் பொதிந்து கிடந்த சான்று அதனுடனேயே போய்விடும். ஆதலால் பெயர்த்தெறிவதற்கு முன் அளந்து பதிவு செய்தலும், பதிவு செய்ததைச் சுவரிலேயே நிலைக்கச் செய்தலும் இத்துறையில் உழைப்போரின் முதற் கடமையாகும்.